விசிலக்காவின் பவர் டப்பா

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டைக்குள் பத்திரமாக இருந்தது. வெளியே வந்து யாரோடும் பழகியதில்லை. ஊருக்கு அவள் விசில். வயதில் சின்னவர்களுக்கு விசிலக்கா.

பட்டம் கிடைத்தது சித்தப்பா புண்ணியத்தில். சித்தப்பா சாயங்காலமானால் "காத்து அடிச்சுட்டு வந்துடறேன்" என்று மொபெட்டை எடுத்துக்கொண்டு போவார். எந்தச் சக்கரத்துக்கும் அவ்வளவு நேரம் காற்று அடிக்க முடியாது என்பது சித்திக்குத் தெரியும். சீட்டாடத்தான் போகிறார், ஆனால் யார் வீட்டில் என்பது மட்டும் பிடிபடவில்லை. அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த இவள், பொம்மை விசில் ஒன்றை எடுத்து மொபெட் சைலன்சரின் வாயில் செருகிவைத்தாள். சித்தப்பா கிளம்பினார். வண்டி கூவிக்கொண்டே போனது. தெருவைத் தாண்டியது, மார்க்கெட்டைத் தாண்டியது, எங்கேயோ போய் நின்றது. சித்தி காதைத் தீட்டிவைத்துக்கொண்டு, சத்தம் நின்ற திசையைப் பார்த்து நடந்தாள். முதல் ஆட்டம் முடிவதற்குள் சீட்டுக்கட்டு சித்தி கையில் இருந்தது.

மாட்டிய விசில் சைலன்சருக்குள்ளே போய் விழுந்துவிட்டது. அதை எடுக்கும்வரை சாப்பாடு கிடையாது என்றார் சித்தப்பா. அப்படித்தான் அவள் முதல் முதலாக ஸ்பேனரைப் பிடித்தாள். கழற்றிப் பார்த்ததில், விசிலைவிட உள்ளே இருந்த கரியும் குழாயும்தான் அவளுக்குப் பிடித்துப்போனது. சாப்பாட்டை மறந்துவிட்டாள். சித்திதான் தட்டோடு வாசலுக்கு வந்தாள், அதுவும் சிரித்துக்கொண்டே.

பெரியவளான பிறகு ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தாள். அங்கே வண்டியைக் கழுவி, துடைத்து, சீட்டுக்கு ஒரு கவர் போட்டுக் கொடுத்தால் சர்வீஸ் முடிந்தது. உள்ளே திறந்து பார்க்கலாமா என்று கேட்டால் மேனேஜர், "அதுக்கெல்லாம் எங்கம்மா நேரம், கழுவி அனுப்பு" என்பார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் ஒரு நாள் மேனேஜர் வண்டியின் ஹாரன் ஒயரைப் பிரேக்கோடு சேர்த்துவிட்டாள். அவர் வீடு போய்ச் சேரும்வரை ஒவ்வொரு பிரேக்குக்கும் ஊரையே கூப்பிட்டுக்கொண்டு போனார். அந்த வாரமே அவளுக்கு வேலை போனது. வருத்தமெல்லாம் படவில்லை. ஹாரன் சத்தம் தேய்ந்து மறையும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டதாக அவளே சொல்வாள்.

கல்யாணமானபோது மாப்பிள்ளை வீட்டு முன்னறை காலியாகக் கிடந்தது. மாமனார் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். "கட்டில் போடறதுக்குப் பதிலா கடை போடும்மா, எனக்கும் பொழுது போகும்" என்று அவரே சொல்லி, எங்கிருந்தோ ஒரு பழைய பஸ் சீட்டைக் கொண்டுவந்து மூலையில் போட்டு உட்கார்ந்துகொண்டார். புருஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். ஒரு தடவை இவள் வைத்த குழம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, கொஞ்சம் யோசித்துவிட்டு, "சூடா இருக்கு" என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

கடைக்கு நேர் எதிரே ஒரு கடை. அங்கே ஸ்டிக்கர், கலர் பல்பு, தெருவே அதிரும் சைலன்சர், கூம்பு மாதிரி பளபளக்கும் ஏர் ஃபில்டர் எல்லாம் விற்பார்கள். ஸ்டிக்கர் கடைக்காரர் நல்ல உடுப்பு, நல்ல பேச்சு. இவளை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார். கூப்பிடும் குரலில் தேன் இருக்கும், அடியில் கொஞ்சம் எறும்பும் இருக்கும்.

ரொட்டிக்காரர் இவள் கடைக்கு வந்தது அந்தக் கடை வழியாகத்தான். ஊரின் ஒரு முனையில் பேக்கரி. மறுமுனையில் தண்ணீர்த்தொட்டி மேடு. மேட்டுக்கு மேலே ஆஸ்பத்திரி, மாணவிகள் ஹாஸ்டல். காலையில் இரண்டு பக்கமும் ரொட்டிக் கூடையைக் கட்டிக்கொண்டு ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் அந்த மேட்டை ஏறியாக வேண்டும். வண்டி பாதியில் திணறுகிறதே என்று ஸ்டிக்கர் கடைக்குப் போனார். சைலன்சர் மாறியது, ஏர் ஃபில்டர் மாறியது, டேங்கில் ஒரு சிறுத்தை பாய்ந்தது. மேடு மட்டும் அப்படியே இருந்தது.

"மேட்டுல மூச்சு வாங்குதும்மா. சூடாயிட்டா நின்னுடுது, அப்புறம் உதைச்சா உதைச்ச கால்தான் வலிக்குது. நீ பவர் ஏத்திக் குடுப்பியாமே?"

"புதுசா ஏத்தறதுக்கு ஒண்ணுமில்லண்ணே. இருக்கற பவர் எங்க ஒழுகுதுன்னு பாத்து அடைக்கணும்."

பின் சக்கரத்தைத் தூக்கிக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். அரைச் சுற்று வந்து உட்கார்ந்துவிட்டது. "பிரேக் பிடிச்சபடியே ஓட்டிட்டு இருக்கீங்க" என்றாள். கிளட்ச் கேபிள் விறைத்துக்கொண்டிருந்தது. "இங்க கொஞ்சம்கூடத் தளர்வு இல்ல. என்ஜின் கத்துது, ஆனா சத்தத்துல பாதி கிளட்ச்சுலயே வழுக்கிப் போயிடுது." பிளக்கைக் கழற்றினாள். சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துக் கிடந்தது. "இந்தக் கூம்பு வழியா காத்து கொட்டுது, பெட்ரோல் பழைய அளவுலயே வருது. அதான் காயுது. வால்வு இடைவெளியும் போயிருக்கும். சூடானா வால்வு முழுசா மூட மாட்டேங்குது, அழுத்தமெல்லாம் வெளிய போயிடுது. பழைய சைலன்சரையும் பழைய ஃபில்டரையும் கொண்டாங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

ரொட்டிக்காரர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு முகத்தைச் சுருக்கினார். "இதெல்லாம் ரிப்பேரும்மா. நான் ரிப்பேரா கேட்டேன்? பவர் கேட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதாண்ணே."

"அப்படின்னா எதுக்கு ரெண்டு வார்த்தை இருக்கு?"

வண்டியை எடுத்துக்கொண்டு தெரு அதிரப் போய்விட்டார். பஸ் சீட்டிலிருந்து மாமனார் சொன்னார், "நீ டாக்டர் மாதிரி பேசறே. நடந்தா சரியாயிடும்னு சொன்னா எவன் கேக்கறான்? ஒரு மாத்திரை குடுத்துட்டு நடக்கச் சொல்லு."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் சொன்ன இடம் சரியில்லை. விசிலுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

சில நாள் கழித்து ரொட்டிக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். ஹாஸ்டல் பெண்கள் பட்டினி, ஆஸ்பத்திரிச் சமையற்காரர் வாயில் வந்ததெல்லாம் பேசியிருக்கிறார். "என்னமோ பண்ணு" என்று சாவியை வைத்துவிட்டு நின்றார்.

"அண்ணே, ஒரு சாமான் இருக்கு. எல்லாருக்கும் போடறதில்ல" என்றாள் இவள், குரலை இறக்கி. "போட்டா மேடு மேடாவே தெரியாது. ஆனா அது கொஞ்சம் ரோஷக்கார சாமான். பழைய சைலன்சர், பழைய ஃபில்டர் இருந்தாத்தான் ஒட்டும்."

பழைய சைலன்சர் ரொட்டிக்காரர் வீட்டில் ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய் எடுத்துவந்தார்.

மறுநாள் காலை என்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது வேலையைத் தொடங்கினாள். மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்து நுழைத்து வால்வு இடைவெளியைச் சரிசெய்தாள். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினாள். பிரேக் ஷூவைத் துருவெடுத்தாள், கிளட்ச் கேபிளுக்குத் தளர்வு கொடுத்தாள், செயினைத் துலக்கி எண்ணெய் விட்டாள், பிளக், ஆயில், டயர்க் காற்று என்று ஒன்று விடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு தையல் மெஷின் டிராயரைத் திறந்து, ஊசி போட்டுவைக்கும் சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தாள். ஊசியை வேறு இடத்துக்கு மாற்றினாள். வெறும் டப்பாவை ஒட்ட மனசு வரவில்லை. "உள்ளே ஒரு பொருள் இருக்கு" என்று சொன்னால் அது பொய்யாக இருக்கக்கூடாதே. சலவைக்குப் போட எடுத்துவைத்திருந்த வாத்தியாரின் சட்டையிலிருந்து ஒரு பொத்தானைக் கத்தரித்து உள்ளே போட்டாள். இரண்டு ஒயரை நீட்டிவிட்டு, இரண்டு டியூப் கலந்து ஒட்டும் பசையை டப்பா நிறைய ஊற்றினாள். தண்ணீரும் போகாது, யாருடைய ஆர்வமும் போகாது. ஒயர்களை மற்ற ஒயர்களோடு சேர்த்து டேப் சுற்றினாள். அவை எங்கேயும் போய்ச் சேரவில்லை.

சாயங்காலம் வந்த ரொட்டிக்காரருக்குச் சீட்டைத் தூக்கிக் காட்டினாள். "இதான் பவர் டப்பா. ஸ்டார்ட் பண்ணினதும் முறுக்கக்கூடாது, அதுக்குச் சளி பிடிக்கும். ஆயில் கறுத்துப்போனா கோவிச்சுக்கும். செயின் காஞ்சா வேலையை நிறுத்திடும். மாசத்துக்கு ஒரு தடவை கொண்டாங்க, நாடி பாக்கணும்."

ரொட்டிக்காரர் டப்பாவை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அடுத்த நாள் காலை மேட்டை அவர் மூன்றாவது கியரில் ஏறினார். ஏறியது ரொட்டிக்காரர், இறங்கி வந்தது விளம்பரம். மதியத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அதன் பிறகு கடை வாசலில் நிற்க இடமில்லை. பால் ஊற்றுகிறவர், மருந்துக் கடைக்காரர், ஆஸ்பத்திரி நர்ஸம்மா, எல்லாருக்கும் டப்பா வேண்டும். ஒவ்வொரு வண்டியிலும் விசில் ஒரு முழு நாள் உண்மையான வேலை செய்வாள், கடைசியில் ஒரு நொடி பொய் வேலை செய்வாள். அவர்களும் பயந்து பயந்து நேரத்துக்கு ஆயில் மாற்றினார்கள், செயினுக்கு எண்ணெய் விட்டார்கள். "அதிரடி சைலன்சர்னா டப்பாவுக்குத் தலைவலி வந்துடும்" என்று இவள் ஒரு வார்த்தை சேர்த்துவைத்திருந்தாள். தெருவே அமைதியாகிவிட்டது. நர்ஸம்மா வீட்டுக் கைக்குழந்தை பகலில் தூங்க ஆரம்பித்தது.

மாமனாருக்குக் கொண்டாட்டம். டப்பாவுக்குள் என்ன என்று யாராவது கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு, "அதை மட்டும் என்கிட்ட கேக்காதீங்க, சொல்ல அனுமதி இல்ல" என்பார். வாத்தியாரைப் பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள். அவர் உள்ளதை உள்ளபடி, "எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் உருப்படியா இல்லை" என்பார். எவ்வளவு அழுத்தமான மனுஷன் பாரு, தொழில் ரகசியத்தை விடமாட்டேங்கறார் என்று மற்ற வாத்தியார்கள் மெச்சினார்கள். அவருடைய ஒரே குறை சட்டைகள்தான். ஒவ்வொரு சட்டையிலும் ஏதாவது ஒரு பொத்தான் இல்லை. சலவைக்காரர் முரட்டு ஆள் என்று நினைத்து அவரிடம் மென்மையாகப் பேசிப் பார்த்தார். சலவைக்காரர் முழித்தார்.

ஸ்டிக்கர் கடைக்காரர் சும்மா இருப்பாரா? அதே அளவில் ஒரு டப்பா செய்து, அதில் சிவப்பு பல்பு ஒன்று மினுக்கும்படி வைத்து, கண்ணாடி அலமாரியில் வரிசையாக அடுக்கிவிட்டார். அவர் டப்பாவுக்கு ரோஷமெல்லாம் கிடையாது. ஆயிலும் வேண்டாம், நாடியும் வேண்டாம். மாட்டினால் போதும்.

"சிஸ்டர் டப்பாவுல பல்பு இல்லையே. உயிரோட இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டார். நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

அவருடைய டப்பாவை மாட்டிய இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் கொஞ்ச நாளில் வண்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு விசிலிடம் வந்தார். ஆயில் வற்றிப்போய் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டிருந்தது. "பல்பு நல்லா எரியுதேன்னு விட்டுட்டேங்க" என்றார் பாவமாக. அந்த டப்பா வெறும் பல்புங்க என்று சொல்ல இவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால், அப்போ உங்களுடையது என்ன என்பதுதான் அடுத்த கேள்வி. வாயை மூடிக்கொண்டு என்ஜினைப் பிரித்தாள். அன்றைக்கு முதல் தடவையாக இந்த விளையாட்டு அவளுக்குக் கசந்தது.

அப்புறம் அந்தக் காலை வந்தது. பால்காரர் வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்காக மேட்டுப் பக்கம் போனவள், பாதி மேட்டில் ரொட்டிக்காரரைப் பார்த்தாள். கூடைகள் நிறைய ரொட்டி. வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு நான்கு எட்டுக்கும் நின்று, சக்கரத்துக்கு ஒரு கல்லை அணைவைத்து, மூச்சு விடுகிறார்.

"என்னாச்சுண்ணே?"

"டப்பா விழுந்துடுச்சும்மா. கீழ ஆரம்பத்துலயே சீட்டைத் தூக்கிப் பாத்தேன், காணோம்."

"வண்டி நின்னுடுச்சா?"

"அது எங்க நிக்கறதுக்கு? டப்பா இல்லன்னு தெரிஞ்சதும் நானே நிறுத்திட்டேன். என்ஜின் போயிடுச்சுன்னா?"

ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள். முதல் உதையிலேயே பிடித்தது. காதைக் கொடுத்துக் கேட்டாள். கடிகாரம் மாதிரி சீராக இருந்தது.

"கேட்டியா, உயிரே இல்ல பாரு" என்றார் ரொட்டிக்காரர்.

"டப்பா எப்ப விழுந்துச்சு?"

"தெரியலம்மா. போன வாரம் வண்டி கழுவும்போதே இருந்த மாதிரி ஞாபகம் இல்ல."

ஆகமொத்தம் போன வாரம் முழுக்க டப்பா இல்லாமலேயே ஏறியிருக்கிறார். விழுந்தது தெரிந்த நிமிஷத்திலிருந்துதான் ஏற முடியவில்லை. இதைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். ரொட்டிக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், மேலே ஆஸ்பத்திரியில் மணி அடித்தது. அவள் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. அங்கே இன்னொருவருக்காகச் செய்துவைத்த டப்பா ஒன்று இருந்தது. சீட்டுக்கு அடியில் அதை அழுத்தி ஒட்டினாள். ரொட்டிக்காரர் முகம் மலர்ந்து, ஏறி உட்கார்ந்து, ஒரே மூச்சில் மேலே போய்விட்டார்.

அவர் அணைகொடுத்த கல் ரோட்டிலேயே கிடந்தது. விசில் அதை எடுத்து ஓரமாகப் போட்டாள். வண்டியில் ஏற மனசு வரவில்லை. வயசான மனுஷன், ஒரு பொத்தானுக்காக இவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறார்.

அன்று மதியம் வாத்தியாருக்குப் பள்ளிக்கூடம் அரை நாள். தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பொத்தான் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டாள்.

"சொல்லிடு" என்றார் அவர்.

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும்."

"கடை போயிடுமேங்க."

அவர் யோசித்தார். போகாது என்று சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். "போனாலும் போகலாம்" என்றார்.

சாயங்காலம் ரொட்டிக்காரர் வந்ததும் அவரிடம் முதலில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். ஆனால் ரொட்டிக்காரரும் ஸ்டிக்கர் கடைக்காரரும் ஒரே நேரத்தில் தெருவைக் கடந்து வந்தார்கள். பின்னாலேயே ஒரு கூட்டம். ஸ்டிக்கர் கடைக்காரர் கையில் ஒரு டப்பா, நடுவில் ரம்பத்தால் அறுக்கப்பட்டு இரண்டாக இருந்தது.

"ரோட்டுல கிடந்துச்சு சிஸ்டர். உங்க சாமான்தானே?" என்று பாதியைத் திருப்பிக் காட்டினார். கெட்டியான பசைக்கு நடுவே ஒரு வெள்ளைப் பொத்தானின் பாதி, நாலு ஓட்டையில் இரண்டு ஓட்டையோடு பளிச்சென்று தெரிந்தது.

கூட்டம் சேர்ந்து எட்டிப் பார்த்தது. மாமனார் பஸ் சீட்டிலிருந்து எழுந்தே விட்டார். "யாருப்பா அறுக்கச் சொன்னது? அறுத்தா உள்ள இருந்தது ஆவியாயிடும். இப்ப சக்கைதான் தெரியும்" என்றார். சொன்ன விதத்தில் பால்காரர் தலையைக்கூட ஆட்டிவிட்டார்.

"மாமா, வேண்டாம்" என்றாள் விசில். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "அது பொத்தான்தான். சட்டைப் பொத்தான். எல்லா டப்பாவுலயும் அதான் இருக்கு. ஒயர் எங்கேயும் போகல. வேலை செஞ்சது டப்பா இல்ல. வால்வு, கார்புரேட்டர், செயின், நீங்க மாத்தின ஆயில். அதைச் சொன்னப்ப யாரும் கேக்கல, அதனால டப்பா ஒட்டினேன். கொஞ்சம் விளையாட்டுக்காகவும் ஒட்டினேன். அது தப்பு."

வாசலில் நின்ற வாத்தியார் மெதுவாகக் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். இரண்டாவது பொத்தான் இருந்த இடத்தில் ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. "சலவைக்காரர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றார். அது அவ்வளவு அமைதியாக வந்ததில் நர்ஸம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ரொட்டிக்காரர் சிரிக்கவில்லை. "அப்ப காலையில நான் தள்ளினது?"

"தள்ள வேண்டியதே இல்லண்ணே. டப்பா இல்லாமத்தான் ஒரு வாரமா ஏறியிருக்கீங்க. எனக்கு அங்கேயே தெரியும். சொல்லாம இன்னொண்ணை ஒட்டி அனுப்பினேன்."

மருந்துக் கடைக்காரர் தன் வண்டியிலிருந்து டப்பாவைப் பிய்த்து வீசிவிட்டுப் போனார். அவர் அதற்குப் பிறகு இந்தக் கடைப் பக்கம் வரவே இல்லை. வழியில் பார்த்தாலும் தலையைத் திருப்பிக்கொள்வார். அதில் விசிலுக்கு இன்றைக்கும் ஒரு வருத்தம் உண்டு.

ரொட்டிக்காரர் போகவில்லை. தன் வண்டியின் சீட்டைத் தூக்கி டப்பாவைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்தார். ஸ்டார்ட் செய்தார். "பின்னால உக்காரு" என்றார். இரண்டு பேருமாக மேட்டை நோக்கிப் போனார்கள், கூட்டம் அடிவாரம்வரை ஓடியது. வண்டி முக்கவில்லை, முனகவில்லை, இரண்டு பேரையும் காலிக் கூடைகளையும் சுமந்துகொண்டு மேலே போய் நின்றது. ரொட்டிக்காரர் திரும்பி ஒரு நிமிஷம் இறக்கத்தைப் பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பிக் கீழே கொண்டுவந்து, கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தி, என்ஜினை அணைத்தார்.

"இறங்கு" என்றார். அவர் இறங்கவில்லை. "இப்ப நீ தள்ளு. நான் பாதி மேடுவரைக்கும் தள்ளினேன். உனக்கு முதல் வளைவுவரைக்கும் போதும்."

"நீங்க உக்காந்திருக்கும்போதா?"

"நான் தள்ளும்போது ரொட்டி உக்காந்திருந்துச்சு. கணக்குச் சரிதான்."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. விசில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பின்னால் போய் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளினாள். நகர்ந்தது, ஆனால் ரொம்பக் கனம். பத்தடி போவதற்குள் கால் நடுங்கியது. மாமனார் ஓரத்தில் கூடவே நடந்துகொண்டு, பஸ் கண்டக்டர் குரலில் "போலாம், போலாம்" என்றார். உதவிக்கு வந்த வாத்தியாரை ரொட்டிக்காரர் ஒரே பார்வையில் நிறுத்தினார்.

முகம் சிவந்து, மூச்சு இரைத்து, தலையைக் குனிந்து தள்ளிக்கொண்டிருந்தவள் காதில் ஒரு சின்னச் சத்தம் விழுந்தது. பின் சக்கரத்துக்குள் ஸ்ஸ்ஸ் என்று ஏதோ உரசுகிறது. இந்தச் சத்தம் அவளுக்குத் தெரியாததா? அந்த ஷூவை அவள்தானே துருவெடுத்து மாட்டினாள்.

நிமிர்ந்து பார்த்தாள். ரொட்டிக்காரர் ஹேண்டிலைப் பிடித்தபடி, நேராக முன்னால் பார்த்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாக உட்கார்ந்திருந்தார். வலது கால் மட்டும் பிரேக் மேல் இருந்தது.

"அண்ணே. காலை எடுங்க."

"எந்தக் காலை?"

"பிரேக்கை மிதிக்கற காலை."

"டப்பா இல்லாத வண்டி அப்படித்தாம்மா இருக்கும்" என்றார் ரொட்டிக்காரர். அதற்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை. தோள் குலுங்கியது, ஹேண்டில் குலுங்கியது, வண்டியே சாயப் பார்த்தது. விசில் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள், சிரித்துச் சிரித்து அவளுக்கு எழுந்திருக்கத் தெம்பில்லை. தான் விளையாடித்தான் அவளுக்குப் பழக்கம். தன்னிடம் ஒருவர் இவ்வளவு அழகாக விளையாடியது அதுதான் முதல் தடவை. வாழ்க்கையில் அவளுக்கு யார் மேலாவது பொறாமை வந்தது என்றால் அந்த நிமிஷம் ரொட்டிக்காரர் மேல்தான்.

கடை போகவில்லை. பாதிப் பேர் போனார்கள், போனவர்களில் பாதி திரும்பி வந்தார்கள். இப்போது வருகிறவர்களைப் பக்கத்தில் முக்காலியில் உட்காரவைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறாள். அளவுத் தகட்டை அவர்கள் கையிலேயே கொடுத்து, வால்வு இடைவெளியில் நுழைத்து இழுக்கச் சொல்கிறாள். இறுக்கமாக வந்தால் என்ன, லேசாக வந்தால் என்ன என்று விரலுக்கே தெரிந்துவிடுகிறது. நர்ஸம்மாவுக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்துப்போய், தன் வண்டிக்குத் தானே செய்துகொள்கிறாள்.

எதிர்க் கடையில் மினுக்கும் டப்பாக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஸ்டிக்கர் கடைக்காரர் கொஞ்ச நாள் உர்ரென்று இருந்தார். ஒரு மதியம், தெருவில் நடமாட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, தன் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். விட்டு விட்டு இழுக்கிறதாம்.

விசில் வண்டியைச் சுற்றி வந்தாள். கம்பெனியில் வந்த சைலன்சர், கம்பெனியில் வந்த ஏர் ஃபில்டர். டேங்கில் ஒரு பூனைகூட ஒட்டவில்லை.

"என்னண்ணே, உங்க கடைச் சரக்கு ஒண்ணுகூட இதுல இல்லையே?"

அவர் முக்காலியில் உட்கார்ந்தபடி ரோட்டைப் பார்த்தார். "எனக்கு வண்டி ஓடணுமில்ல, சிஸ்டர்."

ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியைக் கழற்றினாள். உள்ளே ஒரு எலி குடும்பம் நடத்திவிட்டுப் போயிருந்தது. சின்னச் சின்னதாகக் கடித்து, மெத்தை மாதிரி அடுக்கிவைத்த கூடு. இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். சிறுத்தையின் ஒரு கண், நெருப்பின் ஒரு நாக்கு, கழுகின் அரை இறக்கை. எல்லாம் அவர் கடை ஸ்டிக்கர்.

"காசு குடுக்காட்டியும், இந்த எலி உங்க சரக்கை நல்லாத்தான் உபயோகிச்சிருக்கு" என்றாள்.

ஸ்டிக்கர் கடைக்காரர் கூட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முக்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, "அந்தத் தகட்டை இப்படிக் குடுங்க, நானும் பாக்கறேன்" என்றார்.